‘ஓரி’ என்றால் புதுசு என்று யார் சொன்னது?

மங்களம் அக்காவின் உதடு நீலமானது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில். அவர் என் பெரியம்மா மகள். ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங்கில், ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளிய ஒரு தெருவில், கணவர் ராஜேந்திரனோடு வசிக்கிறார். நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டில் அருகே நாள் முழுக்க ஓடும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவர் மூக்குக்குப் போகும்.

அன்று அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் அத்தான் டிவி பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியின் கால் குழாயின் மேல் இறங்கியது. ஆக்சிஜன் நின்றது. குழாய் அடைபட்டால் மெஷின் கத்த வேண்டும். அதற்காகத்தான் அதில் அலாரம் வைத்திருக்கிறார்கள். அது கத்தவில்லை. விளம்பரம் வந்தபோது அத்தான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். அக்கா உயிரோடு இருப்பதற்கு அந்த விளம்பரம் மட்டுமே காரணம்.

அந்த மெஷினை மூன்று மாதத்துக்கு முன்புதான் பழுது பார்த்திருந்தார்கள். பழுது பார்த்தவர் குணா, ஸ்கூடாயில் கடை வைத்திருப்பவர். அக்கா மருத்துவமனையில் இருக்கும்போதே மெஷினைத் திரும்ப எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவரே எனக்கு போன் செய்தார். “நான் போட்ட ஐசி சரியில்லக்கா. உள்ள வேற ஏதோ இருக்கு. நீங்க வந்து பாருங்க.”

இந்தப் பயண இணையதளத்தில், நிருபரான நான் வழக்கமாகப் பேருந்து, அறை, சாப்பாடு பற்றி எழுதுகிறேன். இதையும் அதே தளத்தில் எழுதக் காரணம், உங்களில் பலர் எனக்கு அனுப்பும் கேள்விதான்: “ஜேபியில் ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே மலிவு?” கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அதற்காகவே ஜொகூர் பாருவுக்குப் போகிறீர்கள். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா வீடு திரும்பிய பிறகு, அடுத்த வாரம் புதன்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூரின் தெற்கு முனையத்தில் பேருந்து ஏறினேன். ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையம் வரை கட்டணம் முப்பத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். ஒன்றேகாலுக்கு இறங்கினேன். பேருந்தில் குளிர் அதிகம், சால்வை எடுத்துப் போங்கள். லார்க்கின் நிலையத்துக்கு அருகே ஒரு அறை, எண்பத்தைந்து வெள்ளி, சுத்தம். அன்று மாலையே ஒரு காரை மறுநாள் முழுவதற்கும் பேசி வைத்தேன்: இருநூற்றைம்பது வெள்ளி, பெட்ரோல் உட்பட, டோல் தனி. ஓட்டுநர் பெயர் சிவம். பல வருடம் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்து வேலை செய்து, பாலத்து நெரிசல் வெறுத்துப் போய்க் கார் ஓட்ட வந்தவர்.

வியாழன் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஜொகூர் பாருவை விட்டு வெளியேறவே நாற்பது நிமிடம் ஆனது.

“நீங்க நியூஸ் எழுதுறவங்களாக்கா?” என்றார் சிவம். “அப்ப இந்த ஜாமப் பத்தி எழுதுங்க. ஜேபியில எல்லாத்துலயும் டூப்ளிகேட் வந்திருச்சு லா. இந்த ஜாம் ஒன்னுதான் இன்னும் ஓரி.”

வெளியூர் வாசகர்களுக்காக: ‘ஒரிஜினல்’ என்ற சொல் மலாய்ப் பேச்சில் தேய்ந்து ‘ஓரி’ ஆகிவிட்டது. இங்குள்ள தமிழர்களும் அப்படியே சொல்கிறோம். சார்ஜர், சப்பாத்து, கார் பம்பர் என்று எதை வாங்கினாலும் கேள்வி ஒன்றுதான்: “ஓரியா?” பதிலும் ஒன்றுதான்: “ஓரி லா.” அத்தோடு நாம் பணத்தை எடுத்து நீட்டிவிடுவோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

லார்க்கினிலிருந்து லாயாங் லாயாங் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். கூலாயைத் தாண்டியதும் இருபுறமும் எண்ணெய்ப்பனைதான். ஊர் சிறியது: ரயில் பாதை, ஒரு வரிசைக் கடைகள், பள்ளிகள், கோவில். கடைத்தெருவில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டும் ஒரு தே தாரே டீயும் ஐந்து வெள்ளி. சாம்பார் நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மெஷின் இருந்த இடத்தில் இரும்பு சிலிண்டர் ஒன்று, சாய்ந்துவிடாமல் அலமாரியோடு துண்டால் கட்டப்பட்டு நின்றது. இரவல் சிலிண்டர். அத்தான் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தினமும் குளுவாங் போய் நிரப்பிக்கொண்டு வருகிறார். சிலிண்டரில் மிச்சத்தைக் காட்டும் முள் கீழே இறங்க இறங்க அக்காவின் கண் அங்கேயே இருந்தது. தூக்கம் இல்லை என்று முகம் சொன்னது.

“வாடி. உங்க அத்தான் என்னை நாற்காலி வச்சுக் கொல்லப் பாத்தாரு, கேள்விப்பட்டியா?” மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார்.

“அலமாக், மறுபடியும் ஆரம்பிச்சிட்டா,” என்றார் அத்தான். சிரிக்க முயன்றார். அந்த நாற்காலியை வீட்டுக்கு வெளியே, மழை விழும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

“அவரை மன்னிச்சிட்டேன். அவரு கண்ணு எப்பவும் டிவியிலதான்னு தெரியும். அந்த மெஷினைத்தான் மன்னிக்க முடியல. கத்துறது ஒன்னுதானே அதுக்கு வேலை? குணாகிட்ட சொல்லு. எனக்கு மெஷின் வேணும். இன்னிக்கே வேணும். இந்த முள்ளையே பாத்துக்கிட்டு இன்னொரு ராத்திரி என்னால முடியாது.”

சரி என்று சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

லாயாங் லாயாங்கிலிருந்து ஸ்கூடாய் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். பல்கலைக்கழக ஊர்; மாணவர் கார்களும் வீட்டு மனைகளும் கடைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குணாவின் கடை ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கடைவீட்டின் மேல்மாடி. முன்பு மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தவர். நோயாளிகள் சொந்தமாக வாங்கிய பழைய மெஷின்கள்தான் இப்போது அவரிடம் வருகின்றன. புது மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி இல்லை.

சுவரோரம் ஆறு ஆக்சிஜன் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஆறிலும் அவர் ஒரே தொகுப்பிலிருந்து எடுத்த ஐசியைப் போட்டிருந்தார். அக்காவுக்கு நடந்தது தெரிந்ததும் மற்ற ஐந்து வீடுகளுக்கும் ஓடி, தன் செலவில் வாடகை மெஷின் வைத்துவிட்டு, இவற்றைத் தூக்கி வந்திருக்கிறார். ஆறாவது வாடகை மெஷின்தான் கிடைக்கவில்லை. அதனால்தான் அக்கா சிலிண்டரில் இருக்கிறார்.

ஐசி என்றால் எட்டுக் கால் உள்ள கறுப்புச் சில்லு, சுண்டுவிரல் நகத்தில் பாதி. குழாய் அடைபட்டதை உணர்ந்து அலாரத்தை எழுப்புவது அதன் வேலை. குணா பத்து வாங்கியிருந்தார். ஆறு போட்டது போக நான்கு மீதி. அந்த நான்கில் ஒன்றை மேசையில் வைத்து, நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். பஞ்சு கறுத்தது. மேலே அச்சிட்டிருந்த எழுத்து போய்விட்டது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள், அவற்றுக்கிடையே வேறொரு எழுத்தின் மங்கலான தடம்.

“இதே கம்பெனி ஐசிதான்கா. ஆனா பழசு,” என்றார். “ஏதோ ஒரு செத்த போர்டுலேருந்து சூடு காட்டிப் பிடுங்கியிருக்காங்க. மேல தேய்ச்சு, கறுப்பு அடிச்சு, புதுத் தேதி போட்டிருக்காங்க. மேசையில டெஸ்ட் பண்ணப்ப கத்துச்சு. கத்துனதாலதான் கொடுத்தேன். மெஷினுக்குள்ள ராவும் பகலும் சூட்டுல கெடந்ததும் வாயடைச்சுப் போச்சு.”

“உற்பத்தியாளரின் நேரடி விற்பனையாளரிடம் வாங்கலாமே?” என்று கேட்டேன்.

“கேக்காம இருப்பேனா? ரீலாத்தான் கொடுப்பாங்களாம். ஒரு ரீல்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு. எனக்கு வேண்டியது பத்து. சில்லறையா விக்கிற நல்ல இடம் ஆன்லைன்ல இருக்கு, ஆர்டர் போட்டாச்சு. வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்.”

பத்து நாள். அக்கா இன்னொரு இரவு முடியாது என்கிறார்.

ஆகவே, குணா அந்த ஐசிகளை வாங்கிய தெப்ராவுக்குப் போனோம். சிவம் ஓட்ட, குணாவும் கூட வந்தார். பதினாறு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். தொழிற்பேட்டையின் ஓரத்தில் ஒரு மொத்த விற்பனைக் கடை. பெயரை எழுதவில்லை: புகார் விசாரணையில் இருக்கிறது. மேலும் ஒரு பெயரைச் சொன்னால் மற்றக் கடைகள் எல்லாம் யோக்கியம் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். குளிரூட்டிய கூடம், எண் சீட்டு, பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள். கவுண்டரில் கம்பி வெட்டும் சிறு கட்டர் ஒன்று, யாரும் எடுத்துப் போகாதபடி நூல் கட்டிக் கிடந்தது. மேலாளர் தினேஷ், முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதை.

மெஷின்களிலிருந்து கழற்றிய ஆறும் மீதி நான்குமாகப் பத்து ஐசிகளையும் அடைத்த பிளாஸ்டிக் உறையைக் குணா கவுண்டரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். தினேஷ் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

“இது போலி இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். ஓரிதான்.”

“மேலே கறுப்பு அடித்துப் புதுத் தேதி போட்டிருக்கிறதே?”

“சப்ளையர் அனுப்புறதுதான் மேடம் நாங்க விக்கிறோம். ஆனா உள்ள இருக்கிறது அந்தக் கம்பெனி ஐசிதானே? வேற யாரும் செய்யலையே? அப்ப ஓரிதானே?”

“புதுசா?”

அவர், பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல, “அண்ணன் வாங்கறப்ப ஓரியான்னு கேட்டாங்க. ஓரின்னு சொன்னோம். புதுசான்னு கேக்கலையே மேடம்,” என்றார்.

நிருபராக இருந்த இத்தனை ஆண்டுகளில் பொய் சொன்னவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியே ஒருவரைச் சாவின் வாசல்வரை அனுப்பலாம் என்பதை அந்தக் கவுண்டரில்தான் பார்த்தேன்.

தினேஷ் அதற்குள் ஒரு தீர்வு வைத்திருந்தார். “அண்ணே, நீங்க ரெகுலர் கஸ்டமர். ஒன் டு ஒன் பண்ணித் தர்றேன். இந்தப் பத்தைக் கொடுங்க, சீல் உடைக்காத பேக்கெட்லேருந்து பத்து புதுசு தர்றேன். அது சிங்கப்பூர் கஸ்டமருக்கு வச்சிருந்தது. பேப்பர் எல்லாம் இருக்கு.” அப்படி ஒரு பாக்கெட்டை எடுத்தும் வைத்தார்.

மலேசியாவில் கடைக்குப் போன எல்லாருக்கும் இது தெரியும். கெட்ட பொருளைக் கொடு, நல்ல பொருளை எடு, சண்டை இல்லை: ஒன் டு ஒன். நமக்கு மிகவும் பிடித்த நியாயம் இது. குணா முத்திரையிட்ட பாக்கெட்டைப் பார்த்தார். அன்று மாலைக்குள் ஆறு மெஷின்களும் சரியாகிவிடும். அக்கா இரவு தூங்குவார். குணாவின் கை உறையைத் தள்ளத் தொடங்கியது. நானும் தடுக்க நினைக்கவில்லை. எழுதும் பழக்கத்தில், வெறும் பழக்கத்தில்தான் கேட்டேன்: “இந்தப் பழைய பத்தும் எங்கே போகும்?”

“ஸ்டாக்குக்குத் திரும்பிரும், மேடம்.”

“விற்பனைக்கா?”

“டெஸ்ட் பண்ணித்தான் வைப்போம். மேசையில ஓடுனா ஓகே.”

குணாவின் கை நின்றது. தினேஷின் பின்னால், இழுத்திருந்த ஒரு தட்டில் அதே எண்ணுள்ள ஐசிகள் பாதியளவு கிடந்தன. அவற்றில் எத்தனை இப்படிப் போய்த் திரும்பி வந்தவை? மேசையில் கத்துபவை, வீட்டில் ஊமையாகுபவை. யாரோ ஒருவர் கெட்டது என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்ததும், அந்தக் கண்டுபிடிப்பையே அழித்துவிட்டு அடுத்தவருக்கு விற்கிறார்கள். மீதிப் பாதியை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் விவரம் வெளியே சொல்ல முடியாது என்றார். அவர்களுக்கு ஒரு போன் செய்து எச்சரிப்பீர்களா என்றேன். “மேலிடத்துல கேக்கணும்,” என்றார். லிஃப்டில் இருக்கிறதா, தானியங்கிக் கதவில் இருக்கிறதா, இன்னொரு கட்டிலின் பக்கத்தில் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பம் இல்லை.

குணா உறையைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு ஐசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நூலில் கட்டியிருந்த கட்டரை எடுத்து, மற்ற எட்டின் கால்களையும் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார்.

“அண்ணே! என்ன பண்றீங்க?”

“நகம் வெட்டுறேன்,” என்றார் குணா, நிமிராமலேயே. “ஓரி நகம்.”

“இப்படிப் பண்ணா எக்ஸ்சேஞ்ச் கிடையாதுண்ணே.”

“தெரியும். இனிமே இது எந்த வீட்டுக்கும் நடந்து போகாது. அது போதும்.”

வரிசையில் நின்ற ஒரு சீனப் பெரியவர், தான் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே போனார்.

காரில் ஏறி நடந்ததைச் சொன்னதும் சிவம் கேட்டார். “அண்ணே, வீரமெல்லாம் சரி. அந்தக்காவுக்கு இப்ப என்ன வழி?”

“கடையில என் சொந்த மெஷின் ஒன்னு இருக்கு,” என்றார் குணா. “பாடி உடைஞ்சது, மோட்டர் இல்ல. அந்த போர்டை வச்சுத்தான் மத்ததை டெஸ்ட் பண்ணுவேன். அதுல ஃபேக்டரியில போட்ட ஐசி இருக்கு. யாரும் தொட்டதில்ல. அதை எடுத்தா டெஸ்ட் பண்ண வேற போர்டு இல்ல, அதான் இதுவரைக்கும் யோசிச்சேன்.”

ஸ்கூடாயில் அந்த ஐசியைக் கழற்றி அக்காவின் மெஷினில் பொருத்தினார். மூடியை மூடி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே நன்றாகச் சூடேறிய பிறகு குழாயை மடக்கிப் பிடித்தார். கத்தியது. மறுபடி மடக்கினார். மறுபடி கத்தியது. கீழ்க்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

ஐந்தே முக்காலுக்கு லாயாங் லாயாங் வீட்டு வாசலில் இறங்கினோம். அத்தான் மெஷினைத் தூக்க ஓடி வந்தார். குணா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து முதலில் ஒன்றைச் சொன்னார்.

“அக்கா, இதுல போட்டிருக்கிறது பழைய ஐசி. என் மெஷின்லேருந்து கழட்டுனது. பத்து நாள்ல புதுசு வரும், வந்ததும் மாத்திருவேன். உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்.”

தெப்ராவில் கேட்டு வாங்க முடியாத ஒரு வாக்கியம் அது. பழையதைப் பழையது என்று சொல்ல அரை நிமிடம் போதும். செலவு எதுவும் கிடையாது.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “நானும் பழசுதான்லா. கத்துதா இல்லையா, அதைக் காட்டு.”

குணா குழாயை மடக்கப் போனார். அக்கா கையசைத்துத் தடுத்தார். “நீ மடக்காத. அந்த நாற்காலியை எடுத்துட்டு வரச் சொல்லு.”

அத்தான் வெளியே போய், மழையில் நனைந்த நாற்காலியைத் தூக்கி வந்தார். துடைக்கக்கூட இல்லை. அக்கா விரலால் இடம் காட்டினார். அத்தான் நாற்காலிக் காலைக் குழாயின் மேல் வைத்து, மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. நாங்கள் நான்கு பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது வீடே அதிரக் கத்தியது. அத்தான் எழுந்து நின்று அழுதார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜொகூரில் இப்போது வார விடுமுறை சனி, ஞாயிறு; வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். தெப்ராவுக்கு உச்சிக்கு முன் போய்விடுங்கள். ஓரியா என்று கேட்காதீர்கள். புதுசா, எங்கிருந்து வந்தது, அதற்கான தாள் எங்கே என்று கேளுங்கள். பதில் ‘ஓரி’ என்றே வந்தால் வெளியே வந்துவிடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் தேய்த்துப் பார்ப்பது ஒரு சோதனைதான். சாயம் போகாவிட்டால் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எதற்கும் கரையாத பூச்சும் இருக்கிறது என்று குணா சொல்கிறார். கெட்ட பாகம் கையில் சிக்கினால், தயவுசெய்து ஒன் டு ஒன் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒன்றிரண்டைப் புகாருக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றின் காலை வெட்டுங்கள். நம் பணம் திரும்பி வருவது நமக்கு நியாயமாகத் தெரிகிறது. நாம் திருப்பிக் கொடுத்தது அடுத்து எந்த வீட்டுக்குப் போகும் என்று நாம் கேட்பதில்லை. இந்த வியாபாரம் நடப்பதே அந்தக் கேள்வி இல்லாததால்தான்.

குணாவின் இரண்டு ஐசிகளோடு நாங்கள் கொடுத்த புகாரை நுகர்வோர் விவகார அதிகாரி பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதை எழுதும்வரை பதில் இல்லை. அந்தத் தட்டு இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புது ஐசி சொன்னபடி வந்து, ஆறு மெஷின்களிலும் ஏறிவிட்டது. வீட்டில் இப்படி ஒரு மெஷின் இருந்தால், அதன் அலாரத்தை அவ்வப்போது நீங்களே கத்த வைத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் தினமும் நடக்கிறது. காலை பத்து மணி வாக்கில் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வரும். முதலில் நாற்காலி தரையில் உரசும் சத்தம். பிறகு மெஷினின் அலறல். அதற்கும் மேலே அக்காவின் குரல்: “போதும், எந்திரிங்க! காது போயிரும் போல.”